தோத்காவின் கைகள்

1

பக்கத்து வீட்டில் குடைமிளகாய் சுட்டார்கள். அந்த வாசனையில்தான் இந்தக் கதை பிறந்தது. பல்கேரியாவின் ரூசே நகரில், 1974இல், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலையில் விலியானா, தோத்கா*, நான் மூவரும் ஒரே மேசையில் சுட்ட குடைமிளகாய்க்குத் தோல் உரித்தோம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “டான்யூப் நதிமேல் வெள்ளிப் பனி இறங்கிய ஒரு காலையில்…” [அடித்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்குமே என்று எழுதியது. எங்கள் மேசையிலிருந்து நதி தெரியாது.]

2

டப்பாவில் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் விலியானா எங்களை வரைவாள். அவள் படங்களில் எல்லோருக்கும் கை பெரிது. ஆலைக் கண்காட்சிக்குத் தோத்காவை வரைந்து கொடுத்தாள். கை விகாரமாக இருக்கிறதென்று நடுவர்கள் திருப்பிவிட்டார்கள்.

மறு ஆண்டும் தோத்காவையே வரைந்தாள். இம்முறை மெல்லிய விரல்கள், மடியில் ஒரு ரோஜா. முதல் பரிசு கிடைத்தது. மண்டபமே கைதட்டியது. [இந்த இடத்தில் விலியானாவைக் கூனிக்குறுகி நிற்கவைத்துப் பார்த்தேன். பொய். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.]

தோத்கா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“முகம் என்னோடதுதான். கை யாரோடதுடி?”

“பெருசா இருந்தா அவங்களுக்குப் பிடிக்கல.”

“உனக்கு?”



3

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் விலியானா வண்ணப்பெட்டியோடு மண்டபத்துக்குப் போனாள். நாங்களும் போனோம். மாட்டிய படத்தின் மேலேயே வரைந்தாள். ரோஜா மறைந்தது. சூட்டில் தடித்த விரல்கள், கத்தி பட்ட தழும்பு, எல்லாம் திரும்பி வந்தன. நடுவர் குழுத் தலைவர் ஓடிவந்து பரிசைப் பறிப்பதாகச் சத்தம்போட்டார்.

“பரிசுப் பத்திரம் அந்தப் பையில இருக்கு, தோழரே. எடுத்துக்கங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

4

ஆசிரியருக்காக ஒரு முடிவு எழுதினேன்: விலியானா பின்னாளில் சோபியாவில் புகழ்பெற்ற ஓவியர் ஆ… [வேண்டாம்.] அவளை வேலையைவிட்டு அனுப்பி, உங்களை அழவைக்க இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். அந்தக் குளிர்காலத்தில் நான் வர்னாவுக்குக் குடிபோய்விட்டேன். பிறகு நடந்தது தெரியாது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். தலைவர் போனதும் தோத்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, மடியில் கைகளை விரித்து உட்கார்ந்தாள்.

“இடது கை இன்னும் முடியல. அசையாதே,” என்றாள் விலியானா.

இடைவேளை முடிந்ததென்று ஆலையில் சங்கு ஊதியது. மூவரும் நகரவில்லை.

*பெயரை மாற்றவில்லை. மாற்றினால் தோத்கா கோபித்துக்கொள்வாள்.