நாலில் வைத்தது

ஃபெலி அத்தை மூன்றாவது முறையாகப் புழுங்குகிறது என்றதும் மைலின் எழுந்துபோய் அஞ்சலி மண்டபத்தின் ஏ.சி. ரிமோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தாளே தவிர எந்தப் பட்டனையும் தொடவில்லை. விரல் வரவில்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டு, குறைத்துவிட்டேன் என்று சொன்னாள். ஐந்து நிமிடத்தில் அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இது பெட்டிக்குள் படுத்திருக்கும் அப்பாவின் தந்திரம். மகாட்டி நகரத்தில் முப்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் அப்பா தியோனியும் மகளும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஒரே வேலை பார்த்தார்கள். அடித்தளத்தில் இருக்கிற சில்லர் மெஷின் தண்ணீரைக் குளிராக்கி எல்லா மாடிக்கும் அனுப்பும். ஏழு டிகிரியில் வைத்தால் கட்டடத்துக்குப் போதும். ஆனால் மனுஷனுக்குப் போதுமா? ஒருத்திக்கு வேர்க்கும், பக்கத்து நாற்காலிக்காரனுக்கு உதறும், இரண்டு பேரும் போன் போடுவார்கள். அப்பா இருவரிடமும், இதோ மாற்றிவிட்டேன் என்பார். இருவருமே திரும்பக் கூப்பிட்டு நன்றி சொல்வார்கள். நிஜமாகவே மாற்ற வேண்டி வந்தால் அரை டிகிரி, கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு அரை டிகிரி. அதற்கு மேல் அவசரப்பட்டு யாரும் அவரைப் பார்த்ததில்லை.

மைலினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. போன சனிக்கிழமை பதினெட்டாம் மாடிக்காரி நாலு முறை போன் செய்து, நாலாவது முறை, உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று கேட்டுவிட்டாள். மைலினுக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழில் இருந்ததை ஒரே அமுக்காக நாலுக்கு இறக்கினாள். நாலு என்பது விளையாட்டில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் உள்ளே குழாயில் தண்ணீர் உறையும். அதற்குள் மெஷின் தானே நின்றுவிடும். நின்றால் ஷிப்டில் இருக்கிறவன் அடித்தளத்துக்கும், லிஃப்ட் போகாத மொட்டை மாடிக்குமாகப் படியேறி ஓட வேண்டும். அன்று இரண்டு மணிக்கு வர வேண்டிய அப்பா பத்து நிமிடம் தாமதம். சித்தி மகள் பிறந்தநாள் என்று இவள் காத்திருக்காமல், ஒரு வார்த்தை எழுதிக்கூட வைக்காமல் கிளம்பிவிட்டாள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. அப்பா போய்விட்டார், மாரடைப்பு. வாசல் காவலாளி அழுதுகொண்டே சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. மெஷினும் நின்று கிடக்கிறதாம். மைலினுக்குக் கணக்கு அந்த நொடியே முடிந்துவிட்டது. அறுபத்தொரு வயது மனுஷனைப் படியேற விட்டுக் கொன்றவள் நான்தான்.

ஐந்து நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து மண்டபத்தில் குத்துப்பட்டுச் செத்த ஒருவனின் பெட்டிமேல் வழக்கப்படி ஒரு கோழிக்குஞ்சை விட்டிருந்தார்கள். அது அரிசியைக் கொத்தக் கொத்த, கொன்றவன் மனசாட்சியைக் கொத்துமாம். பெட்டியின் கண்ணாடி மூடிமேல் டொக் டொக்கென்று கேட்கும்போதெல்லாம் இவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அங்கே கொன்றவன் யாரோ, கொத்து வாங்கினவள் இவள்.

இன்று அடக்கம். ஒன்பது மணிக்கு நெஸ்தோர் வந்தார். அப்பாவுக்கும் இவளுக்கும் மேற்பார்வையாளர், அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். பெட்டி முன் சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மைலினைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். இவள் பின்னாலேயே போனாள். மெஷின் எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைத்திருக்கும். இவர் பார்த்திருப்பார்.

பார்த்துத்தான் இருந்தார்.

"நாலுல வச்சது நீதானே?"

மைலின் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அண்ணனுக்கும் தெரியும். வந்த உடனே எனக்குப் போன் பண்ணாரு. 'எம் பொண்ணு பதினெட்டாம் மாடிக்காரிய ஐஸ்கட்டியாக்கப் பாத்திருக்காடா'ன்னு ஒரே சிரிப்பு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சு இருமலே வந்துருச்சு. அவ கேட்டா நான் சிரிச்சேன்னு சொல்லாத, திட்டினேன்னு சொல்லுன்னாரு."

அப்படியென்றால் மெஷின் ஏன் நின்றது என்று மைலின் கேட்டாள்.

நெஸ்தோருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அது எங்கடி நின்னுச்சு? அண்ணனைத் தூக்கிட்டுப் போறப்ப பாத்துக்க ஆளில்லன்னு நான்தான் நிறுத்தினேன். அஞ்சு நாளா இதையா சுமந்துகிட்டு இருந்த?"

பிறகு நெஸ்தோர் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா எங்கேயும் ஓடவில்லை, ஒரு படிகூட ஏறவில்லை. அரை அரையாக ஏற்றி, மூன்றே முக்காலுக்குப் பழையபடி ஏழில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நாலு மணிக்கு அந்தப் பதினெட்டாம் மாடிக்காரி போன் செய்து, இப்போதுதான் ஜில்லென்று இருக்கிறது, உங்கள் பெண்ணுக்கு நன்றி சொல்லுங்கள் என்றாளாம். அதையும் நெஸ்தோருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அரை மணி கழித்து நெஸ்தோர் போனபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். காப்பியைக் குடித்து முடித்திருந்தார்.

மைலினுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அப்பா செத்துக் கிடக்கையில் இப்படியொரு நிம்மதி வரலாமா என்று வெட்கமாக இருந்தது. வந்துவிட்டதே, என்ன செய்ய. சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வர, பெட்டியிடம் ஓடினாள். கண்ணீர் கண்ணாடியில் விழுந்தால் போகிறவருக்குப் பாரம் என்று ஃபெலி அத்தை பதறிப்போய் இவளைத் தோளோடு அணைத்துப் பின்னால் இழுத்தாள்.

"அத்தை, நான் நாலுல வச்சுட்டேன்."

"எதைடி?"

"ஏழுல இருக்க வேண்டியதை."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்திருப்பாள். முதுகைத் தடவிக்கொண்டே, சரி சரி, வச்சா வச்சுட்டுப் போ என்றாள்.

"கஞ்சி இருக்கா அத்தை?"

அத்தை அவள் முகத்தை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று போய், இஞ்சி போட்ட கோழிக்கஞ்சியைக் கிண்ணம் தளும்ப எடுத்துவந்து, மேலே ஒரு அவித்த முட்டையையும் வைத்தாள். மைலின் உட்காரவில்லை. அப்பாவின் தலைமாட்டில் நின்றபடியே முதல் கரண்டியை வாயில் வைத்தாள். நாக்கு சுட்டது. ஊதிக்கூடப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தாள்.