வாயால் கழுவிய கைகள்

அக்காவின் கட்டிலருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவள் நான்காவது முறையாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் உனக்கா எனக்காடி?" என்றாள் அக்கா. "வயித்தைக் கிழிச்சுத் தச்சு நாலு நாளாகுது, நானே சிவனேன்னு படுத்திருக்கேன். நீ என்னடான்னா எறும்பு மேல உட்கார்ந்த மாதிரி நெளியற."

பத்தொன்பது வருடம் செவிலியர் வேலை, அதில் கடைசி ஆறு வருடம் இதே ஆஸ்பத்திரி வளாகத்து நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. ஆனால் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்து பழக்கமில்லை. இத்தனை நாளும் வகுப்பு முடிந்து மாலையில்தான் எட்டிப் பார்த்தாள். இன்றுதான் விடுப்பு. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பத்து மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. தள்ளி வந்தவள் அவளுடைய இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் எல்லோரும் "முதல் பெஞ்ச்" என்று கூப்பிடும் பெண். காயத்துக்குக் கட்டு மாற்றும் செய்முறை நோட்டில் இருபத்திரண்டு படிகளுக்கும் டிக் வாங்கியவள். அந்த நோட்டில் ஆசிரியையின் கையெழுத்து இருந்தால் வார்டில் தனியாகக் கட்டு மாற்றலாம். திங்கட்கிழமை முதல் முப்பத்தெட்டு பேர் அப்படி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"குட்மார்னிங் மேடம்" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டாள் முதல் பெஞ்ச். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து, விரல்களைக் கோத்துப் பிரித்து, "கை கழுவியாச்சு" என்று மெல்லச் சொன்னாள். பிறகு கையுறைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

திரைக்கு அப்பால், நான்கு எட்டு தள்ளி, வார்டின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆசிரியைக்குத் தான் கேட்டது புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. அதற்குள் ஒரு கையில் உறை ஏறிவிட்டது.

"நில்லும்மா."

மாணவி நின்றாள்.

"கை கழுவினியா?"

"சொன்னேனே மேடம்."

"சொன்னே. கழுவினியா?"

முதல் பெஞ்ச் தன் கைகளைப் பார்த்தாள். உறை போட்டதையும் போடாததையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"லேப்ல இப்படித்தானே மேடம்..."

கல்லூரி லேபில் அப்படித்தான். அங்கே குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. ஆசிரியை வேலையில் சேர்ந்த முதல் வாரமே எழுதிக் கொடுத்தாள். பிளம்பர் வரவில்லை. பாடம் நிற்கக் கூடாதே என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெறும் கையைத் தேய்த்துக் காட்டி, "கை கழுவியாச்சு" என்று உரக்கச் சொன்னால் போதும். முதல் கட்டத்தில் டிக் விழும். தொட்டிமேல் வைத்த சோப்புப் பாட்டில் ஆறு வருடமாக மூடி திறக்காமல் இருந்தது. படுக்கையில் கிடந்த பொம்மை நோயாளிக்கு மாணவிகள் வைத்த பெயர் ரப்பர் மாமா. மாமாவின் வயிற்றில் ஒட்டிய காயத்தை எந்தக் கையால் தொட்டாலும் சீழ் பிடித்ததில்லை.

"நேத்து யார் கட்டு மாத்தினது?"

"நான்தான் மேடம். முந்தாநாளும் நான்தான்."

"அன்னைக்கெல்லாம் கழுவினியா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "சொன்னது ஞாபகம் இருக்கு மேடம்."

"என்னங்கடி, என் வயித்தை வச்சுப் பரீட்சை நடத்தறீங்களா?" என்றாள் அக்கா. ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து அவளும் பேச்சை நிறுத்தினாள்.

முதல் பெஞ்ச் போய்க் கழுவிவிட்டு வந்தாள். பழைய கட்டைப் பிரித்தபோது தையலின் கீழ்முனையில் ஒரு நாணயமளவு சிவப்பு தெரிந்தது. வார்டு சிஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்து, சிவப்பைச் சுற்றித் தோலின் மேல் ஒரு கோடு போட்டார்.

"தையலோட எரிச்சலாவும் இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்றேன். நாளைக்குக் காலைல கோட்டைத் தாண்டுதான்னு பார்ப்போம்."

ஆசிரியை அங்கே உட்காரவில்லை. வளாகத்தைக் கடந்து முதல்வரின் அறைக்குப் போனாள். வழியில் வார்டு வார்டாகத் திரைகள் தெரிந்தன. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு முணுமுணுப்பு கேட்பதுபோல் இருந்தது.

"ஒரு குழாய்க்காக முப்பத்தெட்டு பேரை வார்டுலேருந்து திருப்பிக் கூப்பிடணுமா?" என்றார் முதல்வர்.

"குழாய்க்காக இல்ல மேடம். என் கையெழுத்துக்காக."

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க. நோட்டுல அடிச்சுத் திருத்தியிருந்தா யார் போட்டதுன்னு கேட்பாங்க."

"நான் போட்டேன்னு சொல்றேன்."

"உங்க பதவி உயர்வு ஃபைல் இந்த மேசையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். முதல்வரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது. பக்கத்தில் மடித்த துண்டு. சோப்பு பாதி கரைந்திருந்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று முதல்வரும் திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானம் கூப்பிட்டுக்கங்க. வார்டுல நான் சொல்லிக்கறேன்" என்றார் முதல்வர் கடைசியில். "நோட்டு உங்க பாடு."

மதியம் ஆறு வாளித் தண்ணீரை மாணவிகளே லேபுக்குத் தூக்கி வந்தார்கள். ஆசிரியை ஓவியக் கடையில் பச்சை போஸ்டர் கலர் வாங்கி வந்திருந்தாள். உள்ளங்கையிலும் புறங்கையிலும் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக் கழுவ வேண்டும். திறந்து பார்த்தால் எங்கே விட்டுப்போனது என்று பச்சையே சொல்லிவிடும்.

"மேடம், மாமாவுக்கும் பூசலாமா?"

"அவருக்குக் கல்யாணக் களை வந்துடும்டி, வேணாம்."

சிரிப்பும் தண்ணீரும் தரையெங்கும் சிந்தின. நகக்கண்ணில் பச்சை, விரலிடுக்கில் பச்சை. திரும்பக் கழுவு, திரும்பக் கழுவு என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது. கடைசியில் தானும் பூசிக்கொண்டு கண்ணை மூடினாள். வாளிக்குள் கையை விடுவதற்கு முன்பே உதடு அசைந்துவிட்டது: "கை கழு..." பாதியில் கடித்து நிறுத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது முதல் பெஞ்ச் எதிரே நின்றாள்.

"மேடம், உங்க கட்டை விரல்."

வலது கட்டை விரலின் பின்புறம் முழுக்கப் பச்சை. பத்தொன்பது வருடமாக அந்த இடம் இப்படியேதான் இருந்திருக்குமோ? இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மாணவிகள் போன பிறகு முப்பத்தெட்டு நோட்டுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் முதல் கட்டத்து டிக்கைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டாள். பத்தாவது நோட்டில் எழுந்து நடந்தாள். இருபதாவதில் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"கோடு எப்படி இருக்கு?"

"கோடு நல்லாத்தான் இருக்கு. கோடு போட்ட வயிறுதான் பசிக்குதுங்குது. வைடி போனை."

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. இனி ஆசிரியை உடனிருக்க வார்டில் செய்து காட்டினால்தான் புது டிக். முதல் பெஞ்ச் திரையை இழுத்துவிட்டு அக்காவிடம், "கட்டு மாத்தப் போறேன்மா, வலிச்சா சொல்லுங்க" என்றாள். பிறகு எதுவும் சொல்லாமல் வெளியே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"என்ன, அங்கேயே குடித்தனம் வச்சுட்டாளா?" என்றாள் அக்கா.

"கழுவுறாக்கா."

அக்கா தங்கையின் கட்டை விரலைப் பார்த்தாள். மடிப்பில் இன்னும் ஒரு நூலளவு பச்சை இருந்தது. கேட்க வாயெடுத்தவள், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த விரலைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கட்டு பிரிந்தது. இருவரும் குனிந்தார்கள், அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு மேல்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கீழ்ப்பக்கம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டவில்லை.

"நாளைக்கும் பார்ப்போம்" என்றார் எட்டிப் பார்த்த வார்டு சிஸ்டர்.

முதல் பெஞ்ச் கட்டை ஒட்டி முடித்து, கையுறையைக் கழற்றி, மறுபடி போய்க் கழுவிவிட்டுத் தன் நோட்டை நீட்டினாள். சிவப்பு மையால் அடித்திருந்த முதல் கட்டத்தின் மேல் அவளுடைய ஈர விரலின் தடம் பதிந்திருந்தது. ஆசிரியை புது டிக் போடப் பேனா முனையைத் தாளில் வைத்தாள். தாள் நனைந்திருந்ததால் மை பிடிக்கவில்லை.

மூடி போட்டுப் பேனாவை மடியில் வைத்துக்கொண்டாள். நோட்டை விரித்தபடி, அது காயும்வரை, நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.