நீலத்தின் எடை

பெயிண்டுக்கு எடை உண்டு என்று சொன்னால் பலரும் சிரிப்பார்கள். பெரியவள் சிரிக்க மாட்டாள். சைக்கிள் பட்டறையின் பின்பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குள், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஃப்ரேம்களுக்கு நிறம் ஏற்றுகிறவள் அவள். கல்யாண வயதில் அந்தத் தடுப்புக்குள் நுழைந்தவளுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. நிறம் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏறிய பிறகு ஒரு தடவை, ஃப்ரேமை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பாள். யாரும் அவளைப் பார்க்கச் சொன்னதில்லை, பழக்கம்.

"என்னம்மா, பெத்த பிள்ளையையா தூக்கிப் பாக்குறே?" என்று வெல்டர் கிண்டலடிப்பார்.

பெற்ற பிள்ளை அவளுக்கு இல்லை. தங்கை ஒருத்தி இருந்தாள். அம்மா அப்பா போன பிறகு, சோறு ஊட்டி, சடை பின்னி, படிக்க வைத்து, காய்ச்சலில் கிடந்தால் தூக்கம் கெட்டு உட்கார்ந்து வளர்த்த தங்கை. அந்தச் சின்னவளுக்குக் கடல் தாண்டி ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் பெரியவள் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் அவள் முகம் தொங்கிப்போகும்.

இரண்டே அறை உள்ள வீடு. முன்னறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சின்னவளின் சைக்கிள் நிற்கும். அவள் கல்லூரி சேர்ந்த வருடம் பெரியவள் பட்டறையில் சொல்லி, அவள் குள்ளத்துக்கு ஏற்ப அளவெடுத்துச் செய்த சைக்கிள். இப்போது பெயிண்ட் உரிந்து, வெல்டிங் வைத்த இடங்களிலெல்லாம் துரு எட்டிப் பார்த்தது.

"அக்கா, இதுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடு. இப்படியே கொண்டு போனா மானம் போயிடும்."

"இதையுமா தூக்கிட்டுப் போகப் போறே?"

"பின்னே? அங்க விக்கிற சைக்கிளப் பாத்தியா? ஒட்டகச்சிவிங்கி ஓட்டுறதுக்குச் செஞ்ச மாதிரி இருக்கு. எனக்குக் கால் எட்டுமா? ஆனா ஒண்ணு, பெயிண்ட் லேசா இருக்கணும். சும்மா ஒரு கோட் கறுப்பு, போதும். பெட்டியோட சேத்து இருபத்து மூணு கிலோதானாம். கொஞ்சம் கூடினாலும் ஏத்த மாட்டாங்களாம்."

"கூடினா என்ன பண்ணுவே?"

சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். "என்ன பண்றது? விட்டுட்டுப் போக வேண்டியதுதான். லீவுக்கு வரும்போது ஓட்டிக்கறேன்" என்றாள், சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே.

அவள் அதைச் சொன்னதோடு மறந்துவிட்டாள். பெரியவளுக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேலை கிடைத்ததிலிருந்து சின்னவள் வாயில் லீவு என்ற வார்த்தையே வந்ததில்லை. புத்தகங்களை யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். துணிகளில் பாதி போய்விட்டது. அலமாரியில் அவளுடைய தட்டு காலியாகி, பழைய செய்தித்தாள் மட்டும் விரித்துக் கிடந்தது. இனி எதற்காக அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள்? அக்கா இருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். அக்காவைப் பார்க்க ஃபோன் போதும் என்று ஆகிவிட்டது உலகம். சைக்கிளை ஃபோனில் ஓட்ட முடியாது.

மறுநாள் சைக்கிளைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளிக்கொண்டுதான் போக முடியும், அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேர் ஓட்டுகிற சைக்கிளுக்கு நிறம் கொடுத்தவள், ஒரு நாளும் சீட்டில் ஏறி உட்கார்ந்ததில்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, ஃப்ரேமை வெறும் இரும்பாக்கித் தூக்கிப் பார்த்தாள். லேசாகத்தான் இருந்தது. அப்படியே விட்டு மேலே ஒரு நிறமில்லாத கிளியர் மட்டும் அடித்தால் அதைவிட லேசு எதுவும் கிடையாது. இரும்பின் சாம்பல் நிறமும், வெல்டிங் வைத்த இடத்துத் தழும்பும் அப்படியே தெரியும். சில வாடிக்கையாளர்கள் அதைத்தான் அழகு என்பார்கள். ஆனால் ஒரு மழைக்காலம் போனால் கிளியருக்கு அடியில் துரு புழுப் போல நெளிந்து ஓடும். அடுத்தது கறுப்பு. கறுப்பு நல்ல பிள்ளை. ஒரே கோட்டில் எல்லாவற்றையும் மூடிவிடும், ஒரு முட்டையின் எடைகூட வருமோ என்னவோ. சின்னவள் கேட்டது அதைத்தான். அதை அடித்திருந்தால் கதையே இல்லை.

பெரியவள் எடுத்தது நீலம். சாதாரண நீலமும் இல்லை. முதலில் துருவுக்குக் காவலாகச் சாம்பல் நிறப் பவுடர் தூவி, பட்டறை அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். அதன்மேல் வெள்ளி நிறம், மறுபடி அடுப்பு. வெள்ளி மேல் கண்ணாடி போன்ற நீலம் இரண்டு கோட், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர். ஒவ்வொரு கோட்டும் வெந்து இறுகித் தோலாகப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் பார்த்தால் ஆழமாக, கையை விட்டால் உள்ளே போய்விடும் போல இருக்கும். பட்டறையில் அதைவிட அழகான நிறம் கிடையாது, அதைவிடக் கனமானதும் கிடையாது.

வெல்டர் தடுப்புக்கு வெளியே வந்து நின்றார். "தங்கச்சி கறுப்புதானே கேட்டா?"

"ஒரு கோட் கறுப்பு எந்த மூலைக்கு? அங்க உப்புக் காத்து."

"கடலே கிடையாதுன்னு சொன்னாளே அந்த ஊர்ல?"

"குளிர்ல துரு பிடிக்காதா?"

வெல்டர் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெரியவளுக்குக் காது சுட்டது.

கடைசிக் கோட் ஆறியதும் ஃப்ரேமைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கை பொய் சொல்லாது. நன்றாகவே கனத்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து உடனே வெட்கமும் வந்தது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே போய் சக்கரங்களை மாட்டினாள்.

சின்னவள் சைக்கிளைப் பார்த்ததும் வீடே அதிரக் கத்தினாள். "ஐயோ அக்கா! என்னக்கா இது! கறுப்புன்னுதானே சொன்னேன்!"

"கறுப்பு தீர்ந்து போச்சு."

சைக்கிள் பட்டறையில் கறுப்பு பெயிண்ட் தீர்ந்து போவதாவது! ஆனால் சின்னவள் காதில் அதெல்லாம் ஏறவில்லை. அக்காவைக் கட்டிப்பிடித்தாள், சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "கொஞ்சம் கனக்குதோ?"

"உனக்கு உடம்புல தெம்பில்ல. ஒழுங்கா சாப்பிடு."

அந்த வாரம் இன்னொரு சில்லறைத் தொல்லை. பெரியவளின் ஸ்வெட்டரைக் காணோம். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கும்போது போட்டுக்கொள்ளும் பழைய பழுப்பு ஸ்வெட்டர். அடுப்புக் கம்பியில் பட்டு ஒரு கைமுனை பொசுங்கியிருக்கும். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எங்கே தேடியும் இல்லை. "எங்கேடி வச்சே?" என்று கேட்டால், "நல்லா கேட்டே போ! உன் பொருள நீ தொலைச்சுட்டு என்னையா கேக்குறே?" என்று சின்னவள் எகிறினாள். மறதி வந்துவிட்டது போலிருக்கிறது, வயசாகிறதே என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, வெல்டர் பட்டறைத் தராசை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பெரியவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சின்னவளே சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி வைத்திருந்தாள். ஸ்டாண்டு, மணி, கேரியர் எல்லாவற்றையும் ஏற்கெனவே எடுத்து ஓரமாகப் போட்டிருந்தாள். இருவரும் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்கள்.

எடை கூடியிருந்தது. நானூறு கிராம் சொச்சம்.

சின்னவளின் முகம் விழுந்துவிட்டது. சொல்ல வேண்டியதைப் பெரியவள் நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்: போனா போகுது, விட்டுட்டுப் போடி, நான் பத்திரமா பாத்துக்கறேன், நீ வந்து ஓட்டு. சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் சின்னவள் டேப்பைக் கிழித்துப் பெட்டிக்குள் கையை விட்டாள். ஃப்ரேமின் நடுக்குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்து இழுத்தாள். முதலில் ஒரு பழுப்புக் கை வந்தது. முனை பொசுங்கிய கை.

"மாட்டிக்கிட்டேன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் சின்னவள். "திட்டாதே. கேட்டா, பெயிண்ட் கீறாம இருக்கச் சுத்தினேன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுக்குத்தான் வீட்ல எவ்வளவோ பழந்துணி கிடக்கே."

"பழந்துணில உன் வாசனை இருக்குமா?" அவள் ஸ்வெட்டரைச் சுருட்டத் தொடங்கினாள். "அங்க போய் முதல்ல கொஞ்ச நாள் தூக்கம் வராது எனக்கு. அதான் எடுத்தேன். பரவால்ல, நீயே வச்சுக்கோ."

பெட்டியை மறுபடி தராசில் வைத்தார்கள். எடை சரியாக உள்ளே வந்துவிட்டது. சின்னவள் கைதட்டினாள்.

"இரு, இரு" என்றாள் பெரியவள். "பெட்டில வச்சிருக்கற சைக்கிள் பூட்டை எடுத்துடு. இத உள்ள வை."

"பூட்டில்லாம போனா முதல் நாளே எவனாவது தள்ளிட்டுப் போயிடுவான். இவ்வளவு அழகா அடிச்சுக் குடுத்துட்டு!"

"கைப்பைல வை."

"அதுல கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லக்கா. விடு. ஸ்வெட்டர்தானே, அங்க கிடைக்காதா?"

நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது, அடித்த நீலத்தைச் சுரண்டவா முடியும்? ஸ்வெட்டரை வாங்கி மடித்து நாற்காலியில் போட்டாள். மடிப்பு சரியாக வரவில்லை.

மறுநாள் சின்னவள் போய்விட்டாள்.

வீட்டில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சுவரில், கைப்பிடி உரசி உரசி ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. பெரியவள் வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு ஆளுக்குச் சமைத்தாள். எவ்வளவு குறைத்து வைத்தாலும் சோறு மீந்தது. ஒரு நாள் ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். அடுப்புச் சூடும் பெயிண்டும் வியர்வையும் கலந்து, அவளுடைய வாசனைதான் அடித்தது. தன் வாசனையைத் தானே வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய? திரும்ப நாற்காலியிலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது.

"அக்கா! சைக்கிளப் பாத்து ஆளாளுக்கு நின்னு கேக்குறாங்க, எங்க அடிச்சதுன்னு. எங்க அக்கா அடிச்சதுன்னு சொன்னேன். ஆனா என்ன குளிர் தெரியுமா? கை ரெண்டும் மரத்துப் போகுது. ஏன்க்கா, நம்ம ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா இல்லையா? நான் அந்த ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டே ஏறியிருக்கலாமே! போட்டிருக்கற துணிய யாரு எடை போடப் போறாங்க?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பெரியவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது.

"எடை கூடினதுக்குக் காரணம் நான்தான்டி" என்றாள்.

"என்னது?"

"கறுப்பு தீரல. ஒரு கோட்ல முடிச்சிருக்கலாம். வேணும்னேதான் கனமா அடிச்சேன். கூடிப்போச்சுன்னா சைக்கிள இங்க விட்டுட்டுப் போவே, அத ஓட்டவாவது திரும்பி வருவேன்னு. நீ சைக்கிள எடுத்துட்டு ஸ்வெட்டர வச்சுட்டே."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஒன்று போகிற சத்தம் கேட்டது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, வரப்போகிற திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"உனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதேக்கா" என்றாள் சின்னவள் கடைசியில், ரொம்ப மெதுவாக. "விட்டுட்டு வந்திருந்தா, அத வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணிருப்பே?"

பெரியவள் சுவரில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"தினமும் துடைச்சு வச்சிருப்பேன்" என்றாள்.