தொப்பையுள்ள துப்பறிவாளர்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கொலைதான். கறுப்பு வெள்ளையில் ஒரு துப்பறியும் காமிக்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். கதை கையில் இருந்தது, கோடு போடத்தான் வராது. அதனால் படத்துக்கு ஏஐயை நம்பியிருந்தாள். பதிப்பாளர் மாதிரிக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார். அந்த ஏஐயில் மூன்று வெர்ஷன்கள். எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பேருந்து ஓட்டும் கணவரையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

ராத்திரி மழையில் தெருவில் நிற்கும் துப்பறிவாளர் வேண்டும் என்று மூன்றுக்கும் ஒரே விவரத்தைக் கொடுத்தாள்.

பழைய வெர்ஷனில் இருட்டு அள்ளியது. சுவர் முழுக்க மை கொட்டியதுபோல் நிழல். தெருவிளக்கின் வெளிச்சம் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஆளும் அவள் எழுதியபடியே வந்திருந்தார். ஆனால் வலது கையில் ஆறு விரல்.

"துப்பு துலக்குறவருக்கு ஒரு விரல் கூட இருந்தா நல்லதுதானே?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க."

இரண்டாவதில் விரல் சரி. மழைதான் குளியலறை ஷவர்போல அவர் தலையில் மட்டும் கொட்டியது. மூன்றாவது புத்தம் புதியது. ஈரத்தெரு பளபளத்தது, விரல் ஐந்தும் ஒழுங்காக இருந்தன, தாடை செதுக்கி வைத்தாற்போல் இருந்தது.

"இதான்! ஆளு சும்மா ஜம்முனு இருக்கான்."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "சவர பிளேடு விளம்பரத்துல வர்றவன் மாதிரி இருக்கான். இவன் மழையில நனைஞ்சா எனக்கென்ன?"

மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் அழகாகித்தான் வந்தான்.

"அப்படி என்னதான் எழுதிக் குடுத்தே?" கணவர் திரையைத் தன் பக்கம் திருப்பி வாய்விட்டுப் படித்தார். "ஐம்பது வயது. முன்வழுக்கை. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும் தொப்பை. மூக்கில் நழுவும் கண்ணாடி. எங்கேயோ குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர். யாருக்காவது ஒன்று என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுபவர்..."

குரல் நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"ஏய், இது நான்தானே?"

"பின்ன? எனக்கு வேற யாரைத் தெரியும்?" அவள் திரையையே பார்த்தாள். தட்டச்சில் மட்டும் இரண்டு எழுத்து பிசகியது.

அவர் மூன்று படங்களையும் மறுபடி ஒரு தடவை பார்த்தார். "அப்ப பழசையே எடு. கையை ரெண்டையும் கோட்டுப் பைக்குள்ள விடச் சொல்லு. விரலை யாரு எண்ணப்போறா?" என்றார்.

சொன்னாள். நிழலும் தொப்பையும் அப்படியே இருக்க, கை இரண்டும் பைக்குள் போய்விட்டன.

அடுத்த வாரம் பதிப்பாளர் போன் செய்தார். பக்கம் பிடித்திருந்தது. "ஹீரோவை மட்டும் கொஞ்சம் இளைக்க வைக்கலாமே?"

"நடக்காதுங்க. டாக்டர் சொல்லியே கேக்கல."

பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். இருக்கிறபடியே முழுக்கதையையும் அனுப்பச் சொன்னார்.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "அடுத்து யாரைக் கொல்லப்போறே?"

"உங்க டிப்போ மேனேஜரை."

"ஐயோ, அவருக்கு மட்டும் அந்தப் புது வெர்ஷன் போட்டுடாதே!"