இரண்டு குவிமாடங்களுக்கு நடுவே

கோக்தெபா மஸாரின் குவிமாடம் விரிசல் விட்டிருக்கிறது என்று தகவல் வந்தபோது பனி உருக ஆரம்பித்திருந்தது. அளந்து பார்த்து அறிக்கை எழுத நிகோராவை அனுப்பினார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. கட்டடம் எந்தப் பக்கம் நோகிறது என்று சுவரைத் தொட்டே சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் பேச்சு. அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. தொட்டெல்லாம் சொல்வதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன் என்பாள்.

கூட வந்தவர் ஏஷ்முரோத். கொத்தனார், உஸ்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறேழு வயது மூத்தவர். வலது முழங்கால் மடங்காது, அதனால் ஏணி என்றாலே முகம் சுளிப்பார். வாய் மட்டும் ஓயாது.

மஸார் என்கிற அந்தப் பெரியவர் சமாதி எளிமையான கட்டடம். எட்டு மீட்டர் சதுர அறை, நடுவில் ஒரு கல்லறை. நாலு மூலையிலும் வளைவு போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்கியிருந்தார்கள். எண்கோணத்தின் மூலைகளைச் சின்னச் சின்ன வளைவுகளால் வெட்டிப் பதினாறாக்கி, அதற்குமேல் வட்டத்தை உட்கார வைத்திருந்தார்கள். வட்டத்தின்மேல் உள் குவிமாடம். வெளியே, உயரமான கழுத்துப்போல் எழும்பிய வட்டச் சுவரின் தலையில், இன்னொரு பெரிய குவிமாடம். ஊர்க்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிடும் நீலம் அதுதான். அது தன் கனத்தால் வெளிப்பக்கமாகப் பிதுங்கிவிடாமல், உள் குவிமாடத்தின் முதுகில் எட்டுச் சுவர்களைச் சக்கரத்தின் ஆரங்கள்போல் நிறுத்தி முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆக, இரண்டு குவிமாடங்களுக்கும் நடுவே எட்டு இருட்டறைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு துவாரம்.

முதல் நாள் காலை நிகோரா சாரம் ஏறி, கழுத்துச் சுவரில் இருந்த சின்ன வாசல் வழியாக உள்ளே போனாள். கையில் டார்ச், சுண்ணக்கட்டி, அளவு நாடா. நுழைந்த அறையின் சுவரில் ஒன்று என்று எழுதினாள். விரிசலை அளந்தாள், அதன் குறுக்கே ஜிப்சம் பட்டி ஒட்டினாள். விரிசல் நகர்ந்தால் பட்டி உடையும். அளவை உரக்கச் சொன்னாள். உள் குவிமாடத்தின் உச்சியில் கையகலத் துளை ஒன்று உண்டு. மேலே பேசுவதெல்லாம் அதன் வழியாக இறங்கிக் கல்லறை அருகே தெளிவாகக் கேட்டது. அங்கே காலை நீட்டி உட்கார்ந்து ஏஷ்முரோத் எழுதிக்கொண்டார்.

இரண்டு, மூன்று என்று போய் எட்டை எழுதினாள். அடுத்த துவாரத்தில் குனிந்து நுழைந்தால் ஒன்று என்ற எண் இருக்க வேண்டும். அந்தச் சுவரில் எண் இல்லை.

எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று நினைத்து ஒன்பது என்று எழுதினாள். அந்த அறையில் விரிசல் இல்லை. காற்றும் இல்லை. மற்ற அறைகளில் புறா எச்சமும் சருகும் கிடந்தன, இங்கே தரை துடைத்ததுபோல் இருந்தது. அடுத்த துவாரத்தைத் தாண்டியதும் ஒன்று வந்தது, வாசலும் வந்தது.

கீழே வந்து கணக்குப் போட்டாள். உள்சுற்று இருபத்திரண்டு மீட்டர். ஓர் அறைக்கு இரண்டே முக்கால். எட்டு அறைக்கு அளவு நூல் பிடித்ததுபோல் சரியாக இருந்தது. ஒன்பதாவதுக்கு இடமே கிடையாது.

ஏஷ்முரோத் நோட்டை நீட்டினார்.

"நாலு மூலையிலேர்ந்து எட்டு பொறக்கும், பதினாறு பொறக்கும். ஒம்பது எங்கேர்ந்து வந்துச்சு? காலைல ஒழுங்கா சாப்பிட்டியா தங்கச்சி?"

அவள் சிரித்து மழுப்பினாள். மறுநாள் மறுபடி ஏறினாள். எட்டு அறைகள்தான் இருந்தன. எட்டுக்கு அடுத்தது ஒன்று. ஒன்பது என்று எழுதிய சுவர் எங்கேயும் இல்லை. மனம் லேசாயிற்று. ஒரே அறைக்குள் இரண்டு தடவை போயிருப்போம், இருட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் எட்டைத் தாண்டியபோது ஒன்பது எதிரே இருந்தது. அவள் கையெழுத்துதான், ஒன்பதுக்கு அவள் போடும் வால்தான். ஆனால் சுண்ணம் மஞ்சளடித்து, தூசி படிந்து, ஓரத்தில் பொரிந்திருந்தது. எழுதி ஐம்பது வருஷம் ஆனதுபோல.

அவள் அசையாமல் நின்றாள். அப்போது குரல் கேட்டது. பக்கத்திலிருந்து அல்ல, தலைக்குமேல் செங்கல்லுக்குள்ளிருந்து, துணி போட்டு மூடியதுபோல்.

"ஒண்ணு, ஆறு. ரெண்டு, அஞ்சு. மூணு, ஒம்பது."

ஏஷ்முரோத்தின் குரல். வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமும் பழக்கம்கூட அதில் இருந்தது.

"நாலு, ஏழு. அஞ்சு, எட்டு. ஆறு, ஆறு. ஏழு, பதி—"

அத்தோடு நின்றுவிட்டது. பாதி எண்ணில், கழுத்தைப் பிடித்ததுபோல்.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏஷ்முரோத் கல்லறைக்குப் பக்கத்தில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஏதாவது வாசித்தீர்களா என்று கேட்டாள். வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டி மறுத்தார். அவள் தன் அளவுகளைப் பார்த்தாள். முதல் அறையில் மூன்று மில்லிமீட்டர், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு. எதுவும் அந்தக் குரல் சொன்ன எண்ணை எட்டவில்லை. இருந்தாலும் கேட்டதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

மஸாரைப் பெருக்கிக் காவல் பார்ப்பவள் ரிஸ்வோன் என்ற விதவை. கட்டை உடம்பு, வெடுக்கென்று பேசுவாள். அன்று மதியம் நிகோரா அவளிடம் மெல்ல விசாரித்தாள். மேலே எத்தனை அறை என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா?

ரிஸ்வோன் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். தன் மாமனார் ஒரு தடவை புறா விரட்ட ஏறினார் என்றாள். இறங்கி வந்தவர் நேரே வீட்டுக்குப் போனார். தம்பியின் நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார், வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்தார். தம்பி அப்போது வயலில் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான், ஒரு நோயும் இல்லை. சாயங்காலம் அவனைப் பிணமாகக் கட்டிலில் தூக்கி வந்தார்கள்.

"மேல என்ன கேட்டுச்சுன்னு கேட்டோம். என் அழுகையே கேட்டுச்சுன்னார். அவ்ளோதான். நீ என்ன கேட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. காத்து."

"அங்க ஏது காத்து," என்று சொல்லிவிட்டு ரிஸ்வோன் மறுபடி பெருக்கப் போனாள்.

நிகோரா அன்றிலிருந்து ஒரே காரியத்தில் குறியாக இருந்தாள். ஏஷ்முரோத்தை ஏற விடக் கூடாது. அது ஒன்றும் கஷ்டமாக இல்லை, அவர் முழங்காலே அதைப் பார்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஜிப்சம் பட்டிகள் ஒவ்வொன்றாக உடைய ஆரம்பித்தன. பனி உருகி, ஈரம் செங்கல்லில் ஊறியிருந்தது. வெளிக் குவிமாடம் கழுத்தை அழுத்திப் பிதுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி இரும்புப் பட்டை மாட்டி இறுக்கினால் பிழைக்கும், இல்லையென்றால் இந்த மாதம் தாண்டாது என்பது அவள் கணக்கு. தந்தி இரண்டு போட்டும் பதில் வராததால், பட்டைக்கு அனுமதி வாங்க அவளே சமர்கந்துக்குக் கிளம்பினாள். கிளம்புமுன் ஏஷ்முரோத்திடம், நான் வரும்வரை யாரும் மேலே போகக் கூடாது, முக்கியமாக நீங்கள் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

"என்னை யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு," என்றார் அவர்.

சமர்கந்தில் மேலதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் காகிதம் கேட்பவர். முந்தாநாள் அளவை வைத்து இரும்பு ஒதுக்க முடியாது, இன்றைய அளவு வேண்டும் என்றார். நிகோரா பதில் சொல்வதற்குள் தொலைபேசியை எடுத்து, கோக்தெபா கூட்டுப்பண்ணை அலுவலகத்துக்குப் பேசி முடித்துவிட்டார். அங்கே இருக்கும் கொத்தனாரை ஏறி அளக்கச் சொல்லுங்கள், மூன்று மணிக்கு எனக்கு எண்கள் வேண்டும் என்றார்.

வேண்டாம், அவரால் ஏற முடியாது, திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். திருப்பிக் கூப்பிட்டால் மலைக்கணவாயில் கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். அவள் தெருவுக்கு ஓடி, சிமெண்ட் ஏற்றிப் போகும் லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தினாள். கணவாயில் சேறு. லாரி இரண்டு இடத்தில் புதைந்தது, இறங்கித் தள்ளினாள். வழியெல்லாம் நாலு, ஏழு, அஞ்சு, எட்டு என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டார்.

மஸாருக்குள் நுழைந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. கல்லறைப் பக்கத்தில் ரிஸ்வோன் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். உத்தரவு வந்ததால் காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்ட ஏஷ்முரோத்துக்காக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நிகோரா எட்டிப் பார்த்தாள். ஆறு. ஐந்து. ஒன்பது. ஏழு. எட்டு. ரிஸ்வோனின் பென்சில் ஆறாவது வரியில் ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தது.

உச்சித் துளையிலிருந்து செருமல் கேட்டது.

"ஏழு, பதி—"

"உஸ்தா!" என்று அவள் கத்தினாள். நடுவில் நின்று கத்தியதால் அந்தக் குரல் மூலைக்கு மூலை மோதி, எட்டாகி, பதினாறாகி மேலே ஏறியது. "நாடாவைப் போடுங்க கீழே! வந்த வழியே திரும்பி வாங்க! இப்பவே!"

மேலே சத்தம் நின்றது. பிறகு காலை இழுத்து நகரும் ஓசை. அது திரும்பிப் போகவில்லை. முன்னோக்கி, எட்டை நோக்கிப் போயிற்று. ஏழிலிருந்து வாசலுக்கு அதுதானே கிட்ட வழி. அவள் மறுபடி கூப்பிட்டாள். ஓசை எட்டைத் தாண்டியது, அப்புறம் கேட்கவே இல்லை. ரிஸ்வோன் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வெளியே ஓடிச் சாரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நிகோரா எண்ணினாள். இருநூற்றுப் பத்து வரை எண்ணியபிறகுதான் வாசலில் அவர் தலை தெரிந்தது.

அவர் இறங்கியதும் இருவரும் தாங்கிப் பிடித்து, வெளியே நின்ற மல்பெரி மரம்வரைதான் கூட்டிவந்திருப்பார்கள். நீலக் குவிமாடம் ஒரு பக்கம் மெல்ல உள்வாங்கிற்று. அப்புறம்தான் சத்தம் வந்தது. ஏழாவது அறையும் எட்டாவது அறையும் இருந்த பக்கம் மொத்தமாகச் சரிந்து, தூசி வயல்வரை போயிற்று. உள் குவிமாடம் தாங்கிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் குரல் பாதியில் அறுந்தது மரணத்தால் என்றே அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அறுத்தது தன் குரல்தான் என்று புரிந்தபோது அவள் அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்து அழுதாள். ரிஸ்வோன் தேநீர் கொண்டுவந்தாள்.

மறுவாரம் இரும்புப் பட்டை வந்துவிட்டது. மிச்சமிருந்ததை இறுக்கிக் கட்டி, கோடைக்குள் சரிந்த பக்கத்தை எடுத்துக் கட்டினார்கள். அரசாங்க வரைபடத்தில் அவள் எட்டு அறைதான் வரைந்தாள். வேலை முடிவதற்கு முந்தின நாள் மத்தியானம், இருவரும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளால் கேட்க முடிந்தது.

"உஸ்தா, அன்னிக்கு எட்டுக்கு அப்புறம் இன்னொண்ணு இருந்துச்சா?"

அவர் முலாம்பழத்தைக் கீறிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"இருந்துச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"உன் குரல்தான்."

"என்ன சொன்னேன்?"

அவர் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினார். கத்தியைப் புல்லில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"ஏதோ அளவு சொல்லிட்டிருந்தே, பாதில நின்னுடுச்சு," என்றார் கடைசியில். "நான் முழுசா கேக்கல. சாப்பிடு."

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள், புகாராவில், கீவாவில், கார்ஷியில். அவள் திரும்பக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தக் குவிமாடத்துக்குள் அவள் ஏறினாலும், மடங்காத காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, ஏஷ்முரோத்தும் பின்னாலேயே ஏறி வந்தார். ஒரு நாள்கூட அவளைத் தனியாக விட்டதில்லை.