சுவரில் பதின்மூன்று வட்டம்

சுன்மாயா கொடுக்க வேண்டியிருந்தது நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். நேபாளத்தில் மருமகன் அடிபட்டுக் கிடந்தபோது ஊருக்கு அனுப்ப வாங்கிய முன்பணம். பட்டினச்சேரி இறால் கொட்டகையில் ஒரு பேசின் நிறைய இறால் உரித்தால் பதினெட்டு ரூபாய். பகல் வேலை முடிந்தபின் தினம் மூன்று நான்கு பேசின் கூடுதலாக உரித்துக் கழித்துவிடுவதாகப் பேச்சு. முதலாளி காஜா நஜ்முதீன் பாயும் சரி என்றுவிட்டார்.

கணக்கு நோட்டு பூவாயியிடம் இருந்தது. ஐம்பது வயதுவரைக்கும் நெடுங்காட்டில் நாற்றுப் பறித்து, களை எடுத்து, கைநாட்டு வைத்துக் கூலி வாங்கியவள். போன வருஷம்தான் எழில்மதி நடத்தும் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றாள். அவள் தன் பெயரைக் கோணாமல் எழுதியதைப் பார்த்துவிட்டு பாய் நோட்டைக் கொடுத்தார். அதனால் மத்தியானத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஐஸ் இறாலில் கை வைக்காமல் முக்காலியில் உட்காரலாம். விரல் வெடிப்புகள் ஆற ஆரம்பித்திருந்தன. வீட்டில் மகன்கூட ஒரு நாள், "இன்னிக்கு எத்தன பேசின் எழுதுன?" என்று கேட்டான். அதுவரை அவன் அவளிடம் கேட்டதெல்லாம் சோறு ஆச்சா என்பதுதான்.

சுன்மாயா உரிக்கும் கூடுதல் பேசினைப் பூவாயி கண்ணால் பார்ப்பதில்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் இல்லை. அதனால் சுன்மாயா தான் உட்காரும் இடத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு பேசினுக்கு ஒரு கோடு போடுவாள். கோடுகள் சேர்ந்ததும் அழித்துவிட்டு ஒரு வட்டம் போடுவாள். வியாழக்கிழமைதோறும் பூவாயி சுவரைப் பார்த்து நோட்டில் ஏற்றுவாள். வட்டத்துக்குப் பத்து என்று எழுதினாள். கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வகுப்பில் படித்ததும் பத்துப் பத்தாகத்தான்.

பன்னிரண்டாவது வட்டம் விழுந்த வாரம் சுன்மாயா பாயிடம் போய் இரண்டு கையையும் விரித்து, "முடிஞ்சுது சார். மகள் பிள்ளை வருது. ஊர் போறேன்" என்றாள்.

பாய் நோட்டைப் புரட்டினார். "நூத்திருவது பேசின்தான் இருக்கு. ரெண்டாயிரத்து நூத்தி அறுவது இன்னும் நிக்குதும்மா. பாதிதான் ஆயிருக்கு."

சுன்மாயா பூவாயியைப் பார்த்தாள். பூவாயி நோட்டைத் தொட்டுக் காட்டினாள். எழுதி வைத்திருக்கிறதே, அதற்கு மேல் என்ன இருக்கிறது. சுன்மாயா போய் உட்கார்ந்து உரித்தாள். அடுத்த வாரம் பதின்மூன்றாவது வட்டமும் விழுந்தது.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. கொட்டகைக்கு விடுமுறை. வகுப்புப் பெண்களை எழில்மதி அங்கேயே வரச் சொல்லியிருந்தாள். காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள், கையில் ஒரு கட்டு அச்சடித்த படிவம். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு வாய்க்கணக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"பேப்பர், பேனா எதுவும் வேணாம். எண்ணிச் சொன்னா போதும். தமிழ் வராதவங்க அவங்கவங்க பேச்சுலயே சொல்லலாம்னு போட்டிருக்கு. பூவாயி அக்கா, நீங்க பக்கத்துல உக்காருங்க. மாயாவுக்கு உங்களத்தான் பழக்கம்."

முதலில் அல்லி. கொட்டகையில் உரிக்கிறவள்தான், எட்டாவது வரை படித்தவள், பொழுதுபோகாமல் வகுப்புக்கு வருகிறவள். கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று சொல்லிவிட்டு, "இதுக்கா டீச்சர் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

அடுத்து சுன்மாயா. எழில்மதி நாற்பத்தேழு புளியங்கொட்டையை எண்ணி சிமெண்ட் தரையில் குவித்து, எத்தனை என்று கையால் கேட்டாள். சுன்மாயா தன் ஊர் தமாங் பேச்சில் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். நடுவில் நிறுத்தி, சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். மறுபடி ஒதுக்கினாள், இன்னொரு வட்டம். மிச்சத்துக்கு ஏழு கோடு.

"ரெண்டு வட்டம், ஏழு கோடு. இருபத்தேழுங்கிறாங்களா?" எழில்மதி தப்புக் குறி போடப் போனாள். அப்புறம் பேனாவை நிறுத்தினாள். "இல்லையே, எண்ணினது சரியாத்தான இருந்துச்சு. மாயா, இந்த வட்டம் ஒண்ணு, எவ்வளவு?"

சுன்மாயா இரண்டு கை விரல்களையும் விரித்தாள். பூவாயி தலையாட்டினாள், பத்து. ஆனால் சுன்மாயா நிறுத்தவில்லை. குனிந்து, இரண்டு கால் விரல்களையும் தடவிக் காட்டினாள்.

"காலையும் சேத்தா?" என்றாள் அல்லி. "நல்லவேளை, செருப்ப சேக்கல."

எழில்மதி சிரித்துவிட்டாள். "இருபது இருபதா எண்ணுறாங்க அக்கா. அவங்க பாஷையில அப்படித்தான் போல. நாப்பத்தேழு, ரொம்பச் சரி." சரிக் குறி போட்டுவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தாள்.

பூவாயி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். பதின்மூன்று வட்டம். கண்ணை மூடி மனசுக்குள் கூட்டினாள். பன்னிரண்டிலேயே இருநூற்று நாற்பது. பாய் பாதி என்று சொன்ன அன்றைக்கே கடன் முழுசும் தீர்ந்திருந்தது.

யாரும் இதைக் கவனிக்கவில்லை. எழில்மதிக்குச் சுவர்க் கணக்கு தெரியாது. அல்லிக்கு அது தெரியும், நோட்டில் இருப்பது தெரியாது. வாயைத் திறந்தால் நோட்டு போய்விடும். எட்டாவது படித்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். திறக்காவிட்டால் சுன்மாயா இன்னும் மூன்று மாசம் உரிப்பாள். பேரப்பிள்ளை பிறந்து குப்புற விழுந்துவிடும்.

சோதனை முடிந்து எழில்மதி கிளம்பிப் போனாள். மற்றவர்களும் எழுந்தார்கள். பூவாயி சுன்மாயாவின் கையைப் பிடித்து, "இரு" என்றாள். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். ஏதோ வேடிக்கை என்று அல்லியும் இருந்துகொண்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஐஸ் பெட்டியைப் பார்க்க பாய் வந்தார். "என்ன, லீவு நாள்ல மாநாடு?"

பூவாயி நோட்டை மேசைமேல் வைத்தாள். "பாய், நான் தப்பா எழுதிட்டேங்க. அவ வட்டம் ஒண்ணு இருவது. நான் பத்துன்னு போட்டுட்டேன். அவ சொன்னது நெசந்தாங்க. போன வாரமே முடிஞ்சுபோச்சு."

"ஆத்தாடி, மூணு மாசமாவா?" என்றாள் அல்லி. "நல்லா எழுதுன போ, கணக்குப்புள்ள."

பூவாயி நோட்டைப் பாய் பக்கமாகத் தள்ளினாள்.

பாய் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். சுவரடியில் போய் நின்று ஒவ்வொரு வட்டமாக விரலால் தொட்டு எண்ணினார்.

"இருவது இருவதாவா எண்ணுறா?"

"ஆமாங்க. கால் விரலையும் சேத்து."

"எங்க வாப்பா சைகோன்ல கடை வச்சிருந்தாங்க. பிரெஞ்சுல எண்பதுன்னு சொல்லணும்னா நாலு இருவதுன்னுதான் சொல்லுவாங்க. சின்ன வயசுல எனக்கும் அது ஏறாம அடி வாங்கியிருக்கேன்." அவர் திரும்பினார். "ஐஸ் கம்பெனிக்கு உரிச்ச இறால் அனுப்புன சீட்டும் உன் நோட்டும் மூணு மாசமா ஒத்துவரல. எடை மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு எண்ணூறு ரூவா கொடுத்து ரிப்பேர் பாத்தேன்."

"என் கூலில பிடிச்சுக்கங்க பாய். நோட்டையும் அல்லிகிட்டயே கொடுத்துடுங்க."

"கொடுக்கத்தான் போறேன். இனிமே அவ எழுதட்டும். நீ ஐஸுக்குப் போ." நோட்டைக் கையில் எடுத்தார். "கூலில பிடிக்கல. நீயா வந்து சொன்ன."

பூவாயி தலையாட்டினாள். அவ்வளவுதான் கிடைக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

பாய் சுன்மாயாவின் பக்கத்தைத் திறந்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். பதின்மூன்றாவது வட்டத்துக்கு இருபது பேசின், முந்நூற்று அறுபது ரூபாய். மடியிலிருந்து எடுத்து சுன்மாயா கையில் வைத்தார். அவள் பணத்தையும் அந்தக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?" என்று பூவாயியிடம்தான் கேட்டாள்.

"முடிஞ்சுது மாயா. ஒத்தப் பைசா பாக்கி இல்ல. ஊருக்குப் போ."