பை இருக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிச் சங்கு ஊதுவதற்குள் அடுத்த வாரத்து ஷிப்ட் முறை எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். போகாவிட்டால் மேஸ்திரி தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார். கான்ட்ராக்ட் ஆட்கள் மல்லுக்கட்டி வாங்கிய உரிமை அது ஒன்றுதான்.

இன்றைக்கு முறை போகவில்லை.

சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டு ஓரத்துக் கொட்டகையில் கொளஞ்சியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குத் தானாக ஓடியிருக்க வேண்டிய ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற கட்டளைக் கோப்பு, ‘பொது’ என்ற கோப்பைக் காணோம் என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. பின்னால் மலர்கொடி நின்றாள். அவள் புருசன் சுபாஷுக்கு வரும் வாரம் மதியத்திலிருந்து ராத்திரி வரைக்குமான இரண்டாம் ஷிப்ட். முறைப்படி இவளுக்குக் காலை ஷிப்ட். மேஸ்திரி இவளையும் இரண்டாம் ஷிப்டில் தள்ளிவிட்டால், விளக்கு வைத்த பிறகு பிள்ளை அபி வீட்டில் தனியாகக் கிடக்கும்.

“என்னாண்ணே, ஜெரால்டு சார் நேத்துதான் லாரி ஏறுனாரு. அதுக்குள்ள மெசினு ஏங்கிப் போச்சா?”

“சும்மா இரு மலரு. கோப்பு இருக்குது, என் கண்ணால பாத்தேன். இது இல்லேங்குது.”

ஜெரால்டு பர்மனென்ட் ஆள். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மேல்பட்டாம்பாக்கம் போய்விட்டார். மெஷினை மட்டும், ஞாயிறு ஐந்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்து, கான்ட்ராக்ட் கேங்குக்கு விட்டுவிட்டுப் போனார். அதுவரைக்கும் ஞாயிறு தவறாமல் கொளஞ்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு, மெஷின் இருந்த பதினோராவது பிளாக் ஜெரால்டு வீட்டுக்குப் போவார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு யூனியன் ஆபீஸ் மாடியில் எழுத்துப் படித்தவர் அவர். ஒரு எழுத்தைத் தேடி அவர் விரல் ஊர்ந்து கொண்டிருக்கும்போது ஜெரால்டு ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. வாசல் பலாமரம் காய்க்கிற மாசமானால் ஜெரால்டின் சம்சாரம் மார்த்தாள் அக்கா ஒரு தட்டுச் சுளையைக் கொண்டு வந்து நடுவில் வைப்பார். பிசுபிசுத்த கையோடு கீபோர்டைத் தொட்டால்தான் திட்டு விழும்.

முதலில் மூன்று ஷிப்டுக்கும் மூன்று ஸ்கிரிப்ட் எழுதினார்கள். மூன்றிலும் அதே வரிகள்தான். பெயரைப் படிக்க, போனுக்கு அனுப்ப, செய்தியின் கடைசியில் ‘ஜெரால்டு வூடு, பதினோராவது பிளாக்’ என்று முடிக்க. ஒரு ஆளின் நம்பர் மாறியபோது இரண்டில் மாற்றி ஒன்றில் விட்டுவிட்டார்கள்; பாவம், அந்த ஆள் ஷிப்டுக்கே வரவில்லை. அன்றைக்கே ஜெரால்டு பொதுவானதையெல்லாம் பிடுங்கி ‘பொது’ என்று ஒரே கோப்பில் போட்டார். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, அந்தக் கோப்புக்கு வழி. அவ்வளவுதான்; பொது வரிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்துகொள்ளும்.

“இந்தப் புள்ளிக்குப் பதிலா வார்த்தையும் ஒண்ணு இருக்குது கொளஞ்சி. அது சில மெசினுக்குத்தான் புரியும். புள்ளி வச்சா எதுல போட்டாலும் ஓடும்.”

“அப்ப இது நம்ம சாக்குப் பை மாரிண்ணே.”

கேங்குக்கு ஸ்பேனரும் சுத்தியலும் போட்டு வைக்க ஒரே சாக்குப் பை. பெல்ட்டில் எந்த மூலையில் வேலையோ அந்த மூலைக்கு அது தோளேறிப் போகும். ஜெரால்டு சிரித்துச் சிரித்து மார்த்தாளைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தக் கோப்புக்குப் பெயரே பைதான். இப்போது அந்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

கொளஞ்சி போன் போட்டார்.

“அண்ணே, பையக் காணோங்குது.”

“எங்க நின்னுகினு ஓட்டுன?”

“கொட்டாயிலதான்.”

“ஒன்ன யாருடா கேட்டா? ஸ்கிரிப்ட்டு எங்க நிக்கிது?”

மார்த்தாளின் குரல் பின்னாலிருந்து வந்தது. “மொதல்ல சாப்ட்டாரான்னு கேளுங்க.”

கொளஞ்சி பதினோராவது பிளாக் வீட்டில் தான் எப்படி ஓட்டுவோம் என்று நினைத்துப் பார்த்தார். மைன்ஸ் பழக்கம் அது. தன் இடத்துக்குப் போய்ச் சேராமல் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார். ஸ்கிரிப்ட் கிடக்கும் ஃபோல்டருக்குள் போன பிறகுதான் அதை ஓட்டுவார்.

“அண்ணே, ஒங்க வூட்டுல நான் உள்ள போயி ஓட்டுவேன். இங்க தானா ஓடுது. அது வெளிய நின்னுகினு தேடுது.”

“அட, ஆமாண்டா! நிக்கிற எடத்துல பையத் தேடுனா எப்பிடிக் கெடைக்கும்? நான் எழுதுனதுதான், எனக்கே தோணல பாரு. இப்ப உள்ள போயி ஓட்டுனா இன்னிக்கிப் போயிடும். அடுத்த ஞாயிறு நீ டூட்டில இருப்ப. ஒரேயடியா சரி பண்ணிப்புடுவோம், நான் சொல்றத அடி.”

ஜெரால்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கொளஞ்சி ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். ஸ்கிரிப்ட் முதலில் தான் கிடக்கும் ஃபோல்டர் எது என்று பார்த்து அதற்குள் போக வேண்டும். அப்புறம்தான் பையை எடுக்க வேண்டும். மூன்று ஸ்கிரிப்டின் தலையிலும் அந்த வரி ஏறியது.

“சங்கு ஊதிடப் போறான்ணே,” என்று மலர்கொடி காலை மாற்றி மாற்றி நின்றாள்.

ஃபோல்டருக்கு வெளியிலிருந்தே ஓட்டினார். மலர்கொடியின் இடுப்பில் போன் கத்தியது. எடுத்துப் படித்தவள் முகம் தெளிந்தது.

“காலை ஷிப்ட்தாண்ணே!” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கீழ இன்னும் ஜெரால்டு வூடுன்னே வருதே. கொட்டாய்னு மாத்திடேன்.”

போனில் ஜெரால்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “பையில ஒரு வரி மாத்துனா போதும் கொளஞ்சி. மூணுலயும் மாறிடும்.”

கொளஞ்சி பையைத் திறந்தார். அம்புக்குறியை அந்த வரியில் கொண்டு போய் நிறுத்தினார். வெளியே சங்கு ஊதி அடங்கியது. எதையும் தொடாமல் மூடினார்.

“கெடக்கட்டும்ணே. சாப்ட்டேன்னு அக்காகிட்ட சொல்லுங்க.”